'சில' என்றால் எத்தனை பேர்? நுண்ணறிவு வினாத்தாளில் வரும் அளவுச் சொற்கள்

முதலில் நீங்கள் கேட்டதை எனக்கு விளங்கிய மாதிரி திரும்பச் சொல்லிவிடுகிறேன். போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள். மாதிரி வினாத்தாள் ஒன்றில் "சில ஆசிரியர்கள் பட்டதாரிகள்" என்று ஒரு கூற்றைத் தந்து, இதிலிருந்து நிச்சயமாக வரக்கூடிய முடிவு எது என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் "சில ஆசிரியர்கள் பட்டதாரிகள் அல்லர்" என்பதைத் தெரிவு செய்தீர்கள், அது பிழை என்று விடைத்தாள் சொல்கிறது. இன்னொரு கேள்வியில் "எல்லாப் பரீட்சார்த்திகளும் சித்தியடையவில்லை" என்ற வரிக்கு மூன்று தெரிவுகள் இருக்கின்றன, எது சரி என்று நீங்களும் உங்கள் அக்காவும் இரண்டு நாளாக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். சில, பல, பெரும்பாலான போன்ற சொற்களுக்கு நிலையான அர்த்தம் ஏதும் இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. ஆனால் 'சில' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. கதைக்கும்போது ஒரு பொருளும் வினாத்தாளில் இன்னொரு பொருளும் ஏன் வருகிறது, எந்த இடத்தில் மாற்றிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் 22 வருடமாக உயர்தர வகுப்புக்கு அளவையியலும் (தர்க்கம் என்பதும் அதுதான்) விஞ்ஞான முறையும் படிப்பிக்கிறேன், சனி ஞாயிறுகளில் உங்களைப் போலப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களோடும் உட்காருகிறேன். நீங்கள் விட்ட இதே பிழையை வருடா வருடம் நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளும் விடுகிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு ஆள் எடுக்க வேண்டியது 18 கிலோ, மலையில் 25 பேர் என்று வைப்போம். முதல் மூன்று பேருடைய கொழுந்தை நிறுத்தாயிற்று, மூன்றும் 18க்குக் குறைவு. அந்த நேரத்தில் கணக்குப்பிள்ளை "சிலருக்கு நிறை குறைவு" என்று சொன்னால் அது உண்மையா இல்லையா? உண்மைதான், கண் முன்னால் பார்த்ததைத்தான் சொல்கிறார். வெயில் காலம், கொழுந்தே இல்லை, மிச்சம் 22 பேரையும் நிறுத்து முடிக்கும்போது 25 பேருக்குமே குறைவு என்று தெரியவருகிறது. இப்போது அவர் முதலில் சொன்னது பொய்யாகிவிட்டதா? ஆகவில்லை. பிறகு கூடுதலான விஷயம் தெரியவந்தது, அவ்வளவுதான். அளவையியலில் 'சில' இப்படித்தான் நிற்கிறது: ஆகக் குறைந்தது ஒருவர் இருக்கிறார், மற்றவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாரும் அப்படியே இருந்தாலும் கூற்று உடையாது. ஆகவே "சில ஆசிரியர்கள் பட்டதாரிகள்" என்பதிலிருந்து "சிலர் பட்டதாரிகள் அல்லர்" வராது, எல்லா ஆசிரியர்களுமே பட்டதாரிகளாக இருக்கும் ஒரு நாட்டிலும் முதல் வாக்கியம் உண்மையாகத்தான் இருக்கும். அதே கூற்றைத் திருப்பிப் போட்டு "சில பட்டதாரிகள் ஆசிரியர்கள்" என்றால் அது நிச்சயம் வரும், ஏனென்றால் ஆசிரியராகவும் பட்டதாரியாகவும் இருக்கிற அந்த ஒரு ஆளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே ஆள்தான்.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் "எல்லாரும் இல்லை" என்று கேட்டது? உங்கள் காது பிழையில்லை. கதைக்கும்போது நாம் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். ஐந்து பிள்ளைகளும் சித்தியடைந்திருக்கும்போது "சில பிள்ளைகள் பாஸ்" என்று ஒரு ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் தாய்மார் அவரைக் கோபிப்பார்கள், எல்லாரும் என்று சொல்லியிருக்கலாமே என்பார்கள். முழுசாகத் தெரிந்தவர் முழுசாகச் சொல்லுவார் என்ற எதிர்பார்ப்பு பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1967 இல் ஹார்வர்டில் நிகழ்த்திய விரிவுரைகளில் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: சொல் சொல்வது ஒன்று, சொன்ன விதத்திலிருந்து கேட்பவர் ஊகிப்பது இன்னொன்று. 2001 இல் ஐரா நோவெக் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு என்ற மாதிரி வாக்கியங்களைக் கொடுத்தபோது எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள், வளர்ந்தவர்களில்தான் பலர் மறுத்தார்கள். வயதோடு பேச்சுப் பழக்கம் முற்றுகிறது, அந்தப் பழக்கம் வினாத்தாளில் காலை வாருகிறது. இந்தப் பிழை விட்டதற்காக உங்களை மட்டமாக நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நிச்சயமான பகுதியை முதலில் முடித்துவிடலாம், இது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வருவது. எடுப்புகள், அதாவது அளவையியல் எடுத்துக்கொள்கிற கூற்று வடிவங்கள், நான்கு: எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள் (நிறைவிதி), எந்த ஆசிரியரும் பட்டதாரி அல்லர் (நிறைமறை), சில ஆசிரியர்கள் பட்டதாரிகள் (குறைவிதி), சில ஆசிரியர்கள் பட்டதாரிகள் அல்லர் (குறைமறை). நிறைமறையையும் குறைவிதியையும் அப்படியே திருப்பலாம். நிறைவிதியை அப்படியே திருப்பக் கூடாது, எல்லாக் கங்காணிகளும் தோட்டத்து ஆட்கள் என்பதால் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கங்காணிகள் ஆகிவிட மாட்டார்கள். குறைமறையைத் திருப்பவே முடியாது. நிறைவிதி பொய் என்றால் குறைமறை உண்மை, நிறைமறை பொய் என்றால் குறைவிதி உண்மை, குறுக்காக இந்த இரண்டு சோடியும்தான் ஒன்றுக்கொன்று முரண். "எல்லாரும் சித்தி" என்பது பொய் என்று தந்தால் உடனே "ஒருவரும் சித்தியில்லை" என்று பாய்கிறவர்கள் அதிகம். பாயத் தேவையில்லை, ஒருவராவது சித்தியடையவில்லை என்பதோடு நிற்க வேண்டும். இந்த அளவு மனதில் பதிந்தால் வருகிற கேள்விகளில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

ஆனால் என் அனுபவத்தில் நம் பிள்ளைகள் புள்ளி இழப்பது இந்த நான்கு வடிவங்களைத் தெரியாமல் இல்லை. தமிழ் வாக்கியத்தைப் பார்த்து அது நான்கில் எது என்று கண்டுபிடிக்கிற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தமிழில் அளவு பல நேரம் தனிச் சொல்லில் இருக்காது, சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உம், ஏ, ஆவது, தான், மட்டும். ஆங்கில உதாரணங்களை வைத்து எழுதிய வழிகாட்டிப் புத்தகங்களில் இதைக் காண முடியாது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உம் என்பதை எடுங்கள். 'யாரும்' என்று ஒரு எதிர்மறை வினையோடு வந்தால் சந்தேகமே இல்லை, "யாரும் வரவில்லை" என்றால் பூச்சியம். 'எல்லாரும்' எதிர்மறையோடு வந்தால்தான் பிரச்சினை. சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் நான் இருந்தபோது, நல்ல மழை நாள் ஒன்றில், நாலாம் வகுப்பு ஆசிரியை சமைக்கிற அம்மாவுக்கு "எங்கட வகுப்பில எல்லாப் பிள்ளைகளும் வரல்ல" என்று சொல்லி அனுப்பினார். கொஞ்சப் பேர் குறைவு, அதைப் பார்த்து அரிசி போடுங்கள் என்பது அவர் எண்ணம். அந்த அம்மா வகுப்பே வரவில்லை என்று விளங்கிக்கொண்டு அவர்களுக்குப் போடவே இல்லை. 11 பிள்ளைகள் தட்டோடு வந்து நின்றார்கள், திரும்ப அடுப்பு மூட்டி அவர்கள் சாப்பிடும்போது பாடசாலை விடுகிற நேரம். இரண்டு பேரிலும் பிழை இல்லை, அந்த வாக்கியத்துக்கு உண்மையிலேயே இரண்டு பொருள் உண்டு. நம் இலக்கணக்காரர்கள் இதைப் பழைய காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். 'எல்லாரும்' என்பதில் உள்ள உம்மை முற்றும்மை, முழுவதையும் குறிப்பது. அந்த முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும், அதாவது மிச்சம் இருக்கிறது என்று காட்டும் என நன்னூல் சொல்கிறது. 'எல்லாரும் வந்திலர்' என்பது போன்ற இடங்கள்தான் அவை, சிலர் வந்தார்கள் என்ற பொருளுக்கும் இடம் விடுகிற வாக்கியம். தர்க்கம் வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு வராது என்று யாராவது சொன்னால் இந்தச் சூத்திரத்தைக் காட்டுங்கள்.

அப்புறம், எந்தப் பொருள் என்று எப்படித் தீர்ப்பது? வாக்கியம் பெயர்ப் பயனிலையோடு வந்து 'அல்ல', 'அல்லர்' என்று முடிந்தால், "வெளுத்ததெல்லாம் பால் அல்ல" என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக இருக்கிற எதுவுமே பால் இல்லை என்று அதற்கு அர்த்தம் எடுத்தால் பாலே பால் இல்லாமல் போய்விடும். வெள்ளையில் சிலது பால் அல்ல என்பதுதான் பொருள், குறைமறை. பழைய அளவையியல் மரபும் இந்த வடிவத்தைப் பொதுவாகக் குறைமறையாகவே எடுக்கிறது. 'வரவில்லை', 'சித்தியடையவில்லை' போன்ற வினையோடு வரும்போது இவ்வளவு தெளிவில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் எழுதும்போது மட்டும் இந்த வடிவத்தை விட்டுவிடுங்கள். "ஒருவரும் வரவில்லை", "எல்லாரும் வந்துவிடவில்லை", "எல்லாரும் வந்தார்கள் என்றில்லை" என்று மூன்று தெளிவான வழிகள் கையில் இருக்கின்றன.

அடுத்தது ஏகாரம். "சிலர் பட்டதாரிகள்" என்பதும் "சிலரே பட்டதாரிகள்" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் உள்ளது பிரிநிலை ஏகாரம், மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது, அதாவது மற்றவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. "சிலர்தான்", "சிலர் மட்டும்", "ஒரு சிலரே" எல்லாம் இந்த வகை. உங்கள் வினாத்தாளில் "சில ஆசிரியர்களே பட்டதாரிகள்" என்று இருந்திருந்தால் உங்கள் விடை சரி. ஓர் எழுத்து ஒரு புள்ளியைத் தீர்மானிக்கிறது, ஆகவே அளவுச் சொல்லின் கடைசி எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுத்தான் தெரிவுகளைப் பார்க்க வேண்டும் என்று என் வகுப்பில் வற்புறுத்துகிறேன்.

'மட்டும்' அல்லது 'மாத்திரம்' என்பது திசையைத் திருப்பிவிடுகிற சொல். "எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் மட்டும் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவர்" என்ற வரியை எத்தனையோ அறிவித்தல்களில் பார்த்திருப்பீர்கள். இதன் பொருள்: அழைக்கப்படுகிறவர்கள் எல்லாரும் சித்தியடைந்தவர்கள். சித்தியடைந்தவர்கள் எல்லாரும் அழைக்கப்படுவார்கள் என்று இதில் எங்கும் இல்லை. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து என்னிடம் படித்த ஒரு பையன் சித்தியடைந்துவிட்டு, கடிதம் வரும் வரும் என்று ஒரு வருடம் வேறு வேலைக்கும் போகாமல் இருந்தான். அவனுடைய அம்மா மலையால் வந்த உடுப்போடு என் வீட்டுக்கு வந்து, பாஸானவங்களைக் கூப்பிடுவோம் என்று போட்டிருந்தார்களே சேர் என்று கேட்டபோது, அந்த வரியில் அப்படி ஒரு வாக்குறுதி இல்லை என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லை இரண்டு பாடவேளை எடுத்துப் படிப்பிக்கிறேன். விதி சுலபம்: "அ மட்டும் ஆ" என்றால் "எல்லா ஆவும் அ". "அ தவிர வேறு எவரும் ஆ அல்லர்" என்பதும் இதேதான். மட்டும் எந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள், காலையில் மட்டும் தேநீர் குடிப்பதும் காலையில் தேநீர் மட்டும் குடிப்பதும் வேறு வேறு.

'எல்லா', 'அனைத்து', 'ஒவ்வொரு' மூன்றும் இந்தக் கேள்விகளில் பெரும்பாலும் ஒன்றுதான். கூடவே 'ஒரு' என்று இன்னொரு அளவு வந்தால் மட்டும் கவனம். "ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பீலி" என்றால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஒன்றாகப் பல பீலிகள், அதாவது தண்ணீர் பிடிக்கிற இடங்கள். "எல்லா லயத்துக்கும் ஒரு பீலி" என்றால் விடிய நாலு மணிக்கே வாளியோடு வரிசை.

இனி நிச்சயமில்லாத பகுதி. 'பல' என்பதற்கு அளவையியலில் தனி இடம் கிடையாது, எத்தனை இருந்தால் பல என்று யாரும் வரையறுக்கவில்லை, ஆகவே அது 'சில' தருகிற அளவை மட்டும் தருகிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. 'சில' தமிழில் பன்மை, அப்படியென்றால் குறைந்தது இரண்டு இல்லையா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள், நல்ல கேள்வி. இலக்கணப்படி அவள் சொன்னது சரி, ஆனால் அளவையியல் பாடத்தில் ஒன்று என்றே வரையறுத்திருக்கிறார்கள், இந்த வித்தியாசம் விடையை மாற்றுகிற கேள்வி மிக அரிது. 'பெரும்பாலான', 'அநேகமான' என்றால் பாதிக்கு மேல். எல்லாருமாக இருக்கலாமா என்பதில் எல்லா வினாத்தாள்களும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வுக்குத் தயார்ப்படுத்துகிறவர்கள் எல்லாரையும் சேர்த்தே எடுக்கிறார்கள், அளவையியலுக்கும் அதுதான் பொருந்தும். ஆனால் சில மாதிரி வினாத்தாள்களில் பேச்சுப் பொருளை வைத்தே விடை போட்டிருக்கிறார்கள், அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது, அந்தப் புத்தகத்தின் மற்ற விடைகளைப் பார்த்து அதன் வழக்கத்தைப் பிடிக்க வேண்டியதுதான். 'பெரும்பாலான' இரண்டு தடவை வந்தால் ஒரு பயன் உண்டு. 30 பேர் உள்ள வகுப்பில் பெரும்பாலானோர் பஸ்ஸில் வருகிறார்கள், பெரும்பாலானோர் கிரிக்கெட் விளையாடுகிறார்கள் என்றால் ஒவ்வொன்றிலும் ஆகக் குறைந்தது 16 பேர், கூட்டினால் 32, ஆகவே இரண்டையும் செய்கிறவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். 'சில'வும் 'சில'வும் சேர்ந்தால் இப்படி எதுவும் கிடைக்காது.

இன்னொரு சர்ச்சை, 'எல்லா' என்பதிலிருந்து 'சில' வருமா என்பது. பிந்தி வருகிற எல்லாரும் வெளியே அனுப்பப்படுவர் என்று ஒரு விதி. ஒருவருமே பிந்தவில்லை என்றால் விதி பொய்யாகாது, ஆனால் "பிந்தி வந்த சிலர் வெளியே அனுப்பப்பட்டனர்" என்பது பொய். பழைய மரபு, அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, 'சில' வரும் என்கிறது, 19ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பூல் என்ற கணிதவியலாளருக்குப் பின் வந்த முறை, இருக்கிறார்கள் என்று தனியாகச் சொன்னால்தான் வரும் என்கிறது. நுண்ணறிவு வினாத்தாளில் ஆசிரியர், வைத்தியர், பூனை என்று இருக்கிற பொருட்களைத்தான் கேட்பார்கள், அங்கே வரும் என்றே போடுங்கள். உயர்தர அளவையியல் வினாத்தாள் என்றால் கேள்வி எந்த முறையைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சந்தேகம் வந்தால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. கூற்று உண்மையாகவும், நீங்கள் தெரிவு செய்யப்போகிற முடிவு பொய்யாகவும் இருக்கிற மாதிரி ஒரு படம் கீற முடியுமா என்று பாருங்கள், வட்டம் போட்டால் போதும், ஜோன் வென் 1880 இல் இதைத்தான் முறைப்படுத்தினார். அப்படி ஒரு படம் கீற முடிந்தால் அந்த முடிவு நிச்சயமில்லை, விட்டுவிடுங்கள். படம் கீறும்போது உங்களுக்குத் தெரிந்த உலகத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது. "இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி மலைநாட்டில் விளைகிறது" என்று கூற்றில் தந்தால் அதை உண்மையாக எடுத்தே முடிவு செய்ய வேண்டும். நிஜத்தில் அரைவாசிக்கு மேல் 600 மீற்றருக்குக் கீழே, தாழ்நாட்டில் விளைகிறது, நம்மவர்கள் பலருக்கு இதை நம்ப முடிவதில்லை. அந்தச் சரி பிழையைத் திருத்த அது இடம் இல்லை.

சரி, அக்காவோடு நடக்கிற வாதத்துக்கு வருகிறேன். "எல்லாப் பரீட்சார்த்திகளும் சித்தியடையவில்லை." உங்களுக்குத் தந்த தெரிவுகள்: ஒருவரும் சித்தியடையவில்லை, சிலர் சித்தியடைந்தனர், சிலர் சித்தியடையவில்லை. முன்பு சொன்னபடி இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஒருவருமே சித்தியில்லை என்று எடுத்தால் சிலர் சித்தியில்லை என்பதும் உண்மை. எல்லாரும் சித்தி என்றில்லை என்று எடுத்தாலும் சிலர் சித்தியில்லை என்பது உண்மை. மற்ற இரண்டும் ஒவ்வொரு வாசிப்பில் விழுந்துவிடுகின்றன. அக்கா சொன்ன "சிலர் சித்தியடைந்தனர்" பேச்சில் சரியாகக் கேட்கும், ஆனால் எல்லாரும் தவறிய ஒரு பரீட்சையிலும் வினாத்தாளில் தந்த கூற்று உண்மையாக நிற்கும் என்பதால் அக்காவின் தெரிவு நிச்சயமான முடிவு ஆகாது. வாக்கியத்தின் பொருள் எது என்று சண்டை பிடிக்காமலே மூன்றாவது தெரிவுக்குப் புள்ளடி போடலாம்.